எதிரே வரும் வண்டிக்கு பாலிசி இருக்கிறதா?

இந்த வாரம் வந்த கேள்விகளில் பைக், விபத்து, இன்சூரன்ஸ் இந்த மூன்றும்தான் அதிகம். அதனால் மற்றதெல்லாம் அடுத்த வாரம். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கவும்.

மளிகைக் கடைக்காரர், திண்டிவனம்

கே: சிக்னலில் நின்றிருந்த என்னை ஒரு மினி வேன் பின்னாலிருந்து இடித்துவிட்டது. கால் எலும்பு முறிவு. வேனுக்கு இன்சூரன்ஸ் முடிந்து எட்டு மாதம் ஆகிறதாம். எனக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

ப: வேனின் சொந்தக்காரர். ஓட்டியவருக்கும் பொறுப்பு உண்டு. சட்டத்தில் குழப்பமில்லை, வசூலில்தான் குழப்பம். பாலிசி இருந்தால் தீர்ப்பாயம் சொன்ன தொகையை கம்பெனி கட்டிவிடும். பாலிசி இல்லாவிட்டால் அவர் சொத்திலிருந்துதான் வர வேண்டும். கொடுக்க மறுத்தால், நில வரி பாக்கியை வசூலிக்கும் முறையிலேயே இதையும் வசூலிக்கச் சொல்லி கலெக்டருக்குத் தீர்ப்பாயம் சான்று அனுப்பலாம். சொத்தே இல்லாதவரிடம் கலெக்டர் மட்டும் என்ன செய்வார்?

அதனால் முதல் வேலையாக வேனைப் பிடித்து வையுங்கள். காப்பீடில்லாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுக்குப் போதுமான உத்தரவாதம் கொடுத்தால்தான் அதை விடுவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் மாஜிஸ்திரேட் வண்டியை ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். எல்லா மாநிலங்களும் இப்படி விதி கொண்டுவர வேண்டும் என்று 2018-ல் உஷா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் வக்கீலிடம் இன்றைக்கே சொல்லி மனு போடச் சொல்லுங்கள். ஸ்டேஷன் வாசலில் வெயில் காயும் அந்த வேன்தான் இப்போதைக்கு உங்கள் டெபாசிட்.

கல்லூரி மாணவர், கரூர்

கே: இன்சூரன்ஸ் இல்லாமல் பைக் ஓட்டினால் என்ன ஆகும்?

ப: முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த தடவை அபராதம் 4,000. உங்கள் 100 சிசி பைக்குக்கு ஓராண்டு தேர்ட் பார்ட்டி பிரீமியம், 2022 ஜூனில் நிர்ணயித்த கணக்கில், 714 ரூபாய், வரி தனி. என்ன படிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. காமர்ஸ் இல்லை என்று நம்புகிறேன்.

தையல் கலைஞர், விருதுநகர்

கே: என் தம்பியை இரவில் ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நம்பரும் தெரியாது. படுகாயம். யாரிடம் போய்க் கேட்பது?

ப: அரசாங்கத்திடம். வண்டி எதுவென்றே தெரியாத விபத்துகளுக்கென்று தனித் திட்டம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முன் 25,000-மும் 12,500-மும்தான். கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் நிலையிலுள்ள விசாரணை அதிகாரியிடம் படிவம் கொடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் மூன்றும் கையில் இருக்கட்டும். பின்னால் கார் பிடிபட்டு அதன் சொந்தக்காரரிடமிருந்து இழப்பீடு கிடைத்தால், இந்தத் தொகையை அதில் கழித்துக்கொள்வார்கள்.

இந்தத் திட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. 2022-ல் நாட்டில் இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் வந்த விண்ணப்பங்கள் 205, பணம் கிடைத்தது 95 பேருக்கு. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஒரு மாதத்தில் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இப்படியொரு திட்டம் இருக்கிறது என்று போலீஸே பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்களுக்குக் கடிதம் வந்ததா? வராவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கும்பகோணம்

கே: புது ஸ்கூட்டர் வாங்கினால் ஐந்து வருட இன்சூரன்ஸை மொத்தமாகக் கட்டச் சொல்கிறார்களே, இது யார் செய்த வேலை?

ப: கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் செய்த வேலை. சாலைப் பாதுகாப்பு கேட்டு 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். புது வண்டிக்கு ஒரு வருடம் கட்டிவிட்டு அப்புறம் மறந்துபோகும் பழக்கத்துக்கு அந்த வழக்கில்தான் பூட்டுப் போட்டார்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருடம், காருக்கு மூன்று வருடம் தேர்ட் பார்ட்டி கட்டாயம். மேலே விருதுநகர்க்காரருக்குச் சொன்ன 2024 உத்தரவும் அதே வழக்கில் வந்ததுதான். உடைந்த எலும்பை ஒட்டவைப்பதோடு நிறுத்தாமல், உடைத்தவர் பாலிசியையும் கேட்ட டாக்டர்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் பாலிசித் தாளை எடுத்து, காலம் என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். தேர்ட் பார்ட்டிக்கு ஒரு தேதி, சொந்தச் சேதத்துக்கு வேறு தேதி இருக்கும். அநேகமாக முன்னது ஐந்து வருடம், பின்னது ஒரே வருடம். சொந்தக்காரருக்கான விபத்து கவர் என்று மூன்றாவதாக ஒரு தேதியும் இருக்கலாம். "அஞ்சு வருஷத்துக்கு இருக்கு சார்" என்று சொல்கிறவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது, தான் இடித்தவருக்கான காப்பீடு மட்டும்தான். தன்னை இடித்தால் ஒன்றும் இல்லை.

பேக்கரி மாஸ்டர், பொள்ளாச்சி

கே: என்னை இடித்த லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. ஆனால் என் செலவுக்கு அந்தப் பாலிசி போதாமல் போனால்?

ப: உயிருக்கும் உடலுக்கும் என்றால் கவலை வேண்டாம். தேர்ட் பார்ட்டி காப்பீட்டில் உயிரிழப்பு, காயம் இரண்டுக்கும் இங்கே உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் எத்தனை லட்சம் சொன்னாலும் கம்பெனி கட்ட வேண்டும். பொருள் சேதத்துக்குத்தான் வரம்பு. லாரி, கார் என்றால் பொதுவாக 7.5 லட்சம், இருசக்கர வாகனம் என்றால் 1 லட்சம். உங்கள் பைக் எவ்வளவு நசுங்கினாலும் 7.5 லட்சத்தைத் தாண்டாது. தாண்டினால், பேக்கரி வேலையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பிரச்சினை பாலிசி சிறியதாக இருப்பதில்லை, பாலிசியே இல்லாமல் இருப்பது. பதிவான வண்டிகளில் ஏறக்குறைய பாதி காப்பீடில்லாமல் ஓடுகின்றன, அதிலும் இருசக்கர வாகனங்களே அதிகம் என்ற பேச்சு நாடாளுமன்றக் குழு வரை போயிருக்கிறது.

பேரன் படம் அனுப்பிய தாத்தா, மயிலாப்பூர்

கே: கலிஃபோர்னியாவில் இருக்கும் என் பேரன் பெரிய பைக் வாங்கியிருக்கிறான். அமெரிக்காவில் எல்லாருக்கும் இன்சூரன்ஸ் இருக்கும்தானே?

ப: சட்டம் இருக்கும், எல்லாரிடமும் பாலிசி இருக்காது. இருக்கிற பாலிசியும் சின்னதாக இருக்கலாம். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒருவர் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு, காயமடைந்த ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000, பொருள் சேதத்துக்கு 15,000. அதற்கு முன் 15,000, 30,000, 5,000. அங்கே ஆஸ்பத்திரி பில் வரும் வேகத்தில் 30,000 டாலர் வரவேற்பறையிலேயே தீர்ந்துவிடும்.

இதற்காக அங்கே தனி கவர் உண்டு. இடித்தவரிடம் காப்பீடு இல்லாவிட்டாலும், இருந்தும் போதாவிட்டாலும் உங்கள் கம்பெனியே உங்களுக்குக் கொடுக்கும். பேரன் இதில் 1 லட்சம் டாலருக்கு எடுத்திருக்கிறான், இடித்தவரிடம் 30,000 மட்டுமே இருக்கிறது என்றால், மீதி 70,000 வரை இவன் கம்பெனியிடம் கேட்கலாம். கம்பெனி இந்த கவரைத் தானாகவே கொடுக்க முன்வர வேண்டும். வேண்டாம் என்றால் வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். பைக் படத்தைத் திருப்பி அனுப்பி, "வேண்டாம்னு எங்கேயாவது கையெழுத்துப் போட்டியா?" என்று கேளுங்கள். முகம் போகிற போக்கை வீடியோ காலில் பாருங்கள்.

வங்கி ஊழியர், நாகர்கோவில்

கே: அப்படியொரு கவர் இந்தியாவில் கிடையாதா?

ப: அதே பெயரில், அதே அளவில் கிடையாது. கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்வது, சொந்தக்காரரே ஓட்டுநராக இருக்கும்போதான தனிநபர் விபத்து கவர். இன்று 15 லட்சம் ரூபாய். தப்பு யார் மீது, இடித்தவர் யார், அவரிடம் பாலிசி உண்டா என்ற கேள்விகளே இதில் எழாது. இருசக்கர வாகனத்துக்கு இது ஒரு காலத்தில் வெறும் 1 லட்சம். உயர்த்தச் சொன்னது நம் சென்னை உயர் நீதிமன்றம், 2017-ல். அதன்படி 2018 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 15 லட்சமாக்கியது. 2019 முதல் தனி பாலிசியாகவும் வாங்கலாம்.

ஆனால் இது உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் போனால் பாதித் தொகை. எலும்பு முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தால் ஒரு பைசா வராது. அதற்கு மருத்துவக் காப்பீடும், வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் தரும் தனிநபர் விபத்து பாலிசியும் வேண்டும். எதிராளியின் பாலிசியை நீங்கள் புதுப்பிக்க முடியாது. அதை நம்பாமல் இருக்க மட்டும் முடியும்.

மனைவிக்கு அஞ்சும் கணவர், ஈரோடு

கே: ஸ்கூட்டர் மனைவி பேரில் இருக்கிறது. தினமும் ஓட்டுவது நான். அந்த 15 லட்சம் எனக்கு உண்டா?

ப: இல்லை. ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பெயர் இருப்பவர், செல்லுபடியாகும் லைசென்ஸோடு இருந்தால்தான் அந்த கவர். உங்களிடம் ஆர்.சி. இல்லை. அவரிடம் லைசென்ஸும் இல்லாவிட்டால், அந்த 15 லட்சம் இருவருக்குமே இல்லை. உங்கள் பேரில் தனிநபர் விபத்து பாலிசி ஒன்று எடுத்துவிடுங்கள். நாமினியாக யாரைப் போடுவது என்று என்னைக் கேட்க வேண்டாம், அவரைக் கேளுங்கள்.

நர்ஸ், தஞ்சாவூர்

கே: தோழியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவள் கவனக்குறைவால் விழுந்தோம். எனக்கு இழப்பீடு உண்டா?

ப: அவளிடம் இருப்பது எந்தப் பாலிசி என்பதைப் பொறுத்தது. வெறும் தேர்ட் பார்ட்டி என்றால் பின்னால் உட்கார்ந்தவரை அது காப்பதில்லை. 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசி என்றால் உண்டு. அதுவே வேறொரு வண்டி வந்து இடித்திருந்தால், அந்த வண்டியின் காப்பீட்டில் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். இனி லிஃப்ட் கேட்கும்போது ஊரை மட்டும் கேட்காமல் பாலிசியையும் கேளுங்கள். தோழி முறைப்பாள், பரவாயில்லை.

மூன்றாவதாக உட்கார்ந்தவர், சிவகங்கை

கே: ஒரு பைக்கில் மூன்று பேர் போனோம். பின்னால் வந்த கார் இடித்தது. "ட்ரிபிள்ஸ் போனீங்க, உங்க மேலேயும் தப்பு" என்று பணத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள்.

ப: மூன்று பேர் போனது சட்ட மீறல்தான், அதற்கு அபராதம் கட்டுங்கள். ஆனால் மூன்று பேர் உட்கார்ந்ததுதான் விபத்துக்கு அல்லது காயத்துக்குக் காரணம் என்று காட்டினால்தான் இழப்பீட்டில் கைவைக்கலாம். முகமது சித்திக் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. வக்கீலிடம் வழக்கின் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த முறை பஸ்ஸில் போங்கள்.

ஆட்டோ ஓட்டுநர், வில்லிவாக்கம்

கே: இடித்தவர் நல்ல மனிதராகத் தெரிகிறார். "கேஸ் வேண்டாம் அண்ணே, நானே பார்த்துக்கறேன்" என்று 5,000 கொடுக்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

ப: இண்டிகேட்டர் உடைந்திருந்தால் வாங்குங்கள். எலும்பு உடைந்திருந்தால் வாங்காதீர்கள். நல்ல மனிதர்கள் ரோட்டில் நிறைய. மூன்றாவது நாள் போனை எடுக்கும் நல்ல மனிதர்கள் குறைவு.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஆஸ்பத்திரியில் நடக்கும். எமர்ஜென்சியில் டூட்டி டாக்டர், "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவார். கூட வந்த மச்சான், போலீஸ் தொல்லை வேண்டாமே என்று, "வண்டி ஸ்லிப் ஆயிடுச்சு சார்" என்பார். டாக்டர் அதையே எழுதுவார். இரண்டு வருடம் கழித்துத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஏ.ஆர். காப்பியை எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படிப்பார். தானாக விழுந்தவருக்கு யார் இழப்பீடு தருவார்கள்? எந்த வண்டி, என்ன நம்பர், எந்த இடம் என்று முதல் வாக்குமூலத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வராமல் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆருக்கு இன்னொரு பலனும் உண்டு. இப்போதைய விதிப்படி 48 மணி நேரத்தில் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் பங்குக்கு ஆறு மாதத்துக்குள் மனுவும் போட்டுவிடுங்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம்.

சந்தேகப் பேர்வழி, காரைக்குடி

கே: விபத்து நடந்த பிறகு ஓடிப்போய் அன்றைக்கே பாலிசி எடுத்துவிட்டால் கண்டுபிடிக்க முடியுமா?

ப: பாலிசியில் தேதி மட்டுமா இருக்கிறது, மணியும் இருக்கிறதே. 1991 டிசம்பரில் ஒரு விபத்து, மதியம் 2.20-க்கு. பாலிசி எடுத்தது 2.55-க்கு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. "கம்பெனிக்குப் பொறுப்பில்லை" என்று தீர்ப்பு. முப்பத்தைந்து நிமிடம் சம்பந்தப்பட்ட வழக்குக்கு ஆறேழு வருடம். நீங்கள் சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பைக் விற்றவர், ஆம்பூர்

கே: பழைய பைக்கை விற்றுவிட்டேன். வாங்கியவர் இன்னும் பெயர் மாற்றவில்லை. இன்சூரன்ஸும் முடிந்துவிட்டது. அவர் யாரையாவது இடித்தால் எனக்கென்ன?

ப: எல்லாமே உங்களுக்குத்தான். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர் என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பைக் கை மாறி, அடுத்தவர் கைக்கும் போயிருந்தாலும் நோட்டீஸ் ஆம்பூருக்குத்தான் வரும். விற்ற பணத்தில் பிரியாணி சாப்பிட்டிருந்தால், செரிப்பதற்குள் பெயர் மாற்றத்தை முடியுங்கள்.

டெலிவரி தம்பி, வேளச்சேரி

கே: சொந்த பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன் அண்ணா. ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது. போதுமா?

ப: தம்பி, பாலிசியில் எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு பத்தி இருக்கும், படித்துப் பார். சாதாரண தனியார் பைக் பாலிசியில் வாடகைக்கு ஓட்டுவதும் சரக்கு ஏற்றுவதும் விலக்கு. உன்னால் காயமடைந்தவருக்குப் பணம் போய்ச் சேரலாம். உன் பைக்குக்கும் உனக்கும் கேட்கும்போது கம்பெனி கையை விரிக்க இடமிருக்கிறது. என்ன வேலைக்கு ஓட்டுகிறாய் என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் சொல்லிவிடு. நீ வேலை செய்யும் செயலி நிறுவனம் உனக்கு விபத்துக் காப்பீடு வைத்திருக்கிறதா, ஆர்டர் கையில் இருக்கும்போது மட்டுமா, காத்திருக்கும்போதுமா என்று கேட்டு வாங்கு. ஐந்து நட்சத்திரம் கொடுக்கிற வாடிக்கையாளர் ஆஸ்பத்திரி பில்லைக் கொடுக்க மாட்டார்.

பதற்றத்தில் எழுதியவர், மேல்மருவத்தூர்

கே: வழக்கு, தீர்ப்பாயம் எல்லாம் பிறகு. அடிபட்ட அன்றைக்கு ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டால்?

ப: உங்கள் ஊரில்தான் 2021 டிசம்பர் 18-ல் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து என்றால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும். 1 லட்சமாக இருந்த வரம்பு பின்னர் 2 லட்சம் ஆனது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் ஏழு நாட்களுக்கு 1.5 லட்சம் வரை. இடித்தவருக்கு பாலிசி உண்டா என்ற கேள்வியை இரண்டு நாள் தள்ளிப்போட இது போதும். 108-க்குப் போன் போட்டதும், சேரும் மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

லைசென்ஸ் பார்க்காதவர், பழனி

கே: என்னை இடித்தவரிடம் பாலிசி இருக்கிறது, லைசென்ஸ் இல்லை. கம்பெனி தப்பித்துவிடுமா?

ப: உங்களிடமிருந்து தப்பிப்பது கஷ்டம். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்குக்குப் பிறகு நீதிமன்றங்கள் பெரும்பாலும் சொல்வது: முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். பாலிசி இருந்து லைசென்ஸ் இல்லாவிட்டால், துரத்தும் வேலை கம்பெனிக்கு. பாலிசியே இல்லாவிட்டால், துரத்தும் வேலை உங்களுக்கு.

உண்மை விளம்பி, ஆவடி

கே: ஒளிக்காமல் சொல்கிறேன். என் பைக்குக்கே இன்சூரன்ஸ் இல்லை. என்னை யாராவது இடித்தால் எனக்கு இழப்பீடு வராதா?

ப: வரும். தப்பு அவர் மீது, பாலிசி அவரிடம் என்றால், உங்கள் வண்டிக்குக் காப்பீடு இல்லை என்பதற்காக உங்கள் கால் எலும்பின் மதிப்பு குறையாது. 2,000 ரூபாய் அபராதம் தனி.

ஆனால் நீங்கள் இடித்தால்? அவருடைய ஆயுள் முழுவதற்குமான வருமானம், சிகிச்சை, குடும்பத்தின் இழப்பு எல்லாவற்றையும் தீர்ப்பாயம் கூட்டும். வரம்பில்லாத அந்தத் தொகை உங்கள் வீட்டுப் பத்திரத்தைத் தேடி வரும். எம்பரிவாஹன் செயலியில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டால் பாலிசி என்றைக்கு முடிந்தது என்று காட்டும். அதே போனில் புதுப்பிக்கவும் முடியும். தேர்ட் பார்ட்டியோடு அந்த 15 லட்ச விபத்து கவரையும் டிக் அடியுங்கள். பணம் கட்டிய பிறகு, பாலிசி எத்தனை மணிக்கு அமலுக்கு வருகிறது என்று படித்துப் பாருங்கள். அதுவரை சாவி ஆணியிலேயே தொங்கட்டும்.